கனவும் உயிரும்: மனோன்மணீயக் கனவுகளை முன்னிட்டு ஒரு சித்தாந்த ஆராய்ச்சி

உயிர்கள் நாடோறும் புக்கு மீளும் நிலைகளுள் கனவும் ஒன்று. அரசர்க்கும் ஆண்டிக்கும், கற்றார்க்கும் கல்லார்க்கும் அது பொது. ஆயினும் ஒருவர் கண்டதைப் பிறர் காணமாட்டாமையின் அவரவர்க்கே தனித்த சிறப்பும் ஆம். அதனைக் காண்பது யாது, காணப்படுவது யாது, கண்டது மெய்யோ பொய்யோ என்னும் வினாக்களை நம் சமயாசிரியர் பண்டே எழுப்பி விடையும் பகர்ந்துளர். மேனாட்டிற் சிக்மண்டு பிராய்டு என்னும் மருத்துவர் இதே பொருளைப் பிறிதொரு நெறியின் ஆராய்ந்து, உளப்பகுப்பு என்னும் தனிக்கலை ஒன்றை நிறுவினார். அக்கலையின் கொள்கைகள் இன்று கல்லூரிகளில் மட்டுமன்றி இல்லங்களிலும் பேசப்படுகின்றன.

இதனால் நமக்கு ஓர் இடர்ப்பாடு நேர்ந்துளது. திருத்தொண்டர் புராணத்துட் பூசலார் வரலாற்றிற் காடவர் கோமான் கண்ட கனவையும், கண்ணப்பர் வரலாற்றிற் சிவகோசரியார் கண்ட கனவையும் கற்பிக்குங்கால், கனவென்பது நிறைவேறா விருப்பத்தின் வேடமேயன்றோ என மாணாக்கர் வினாவுகின்றனர். அவ்வினாவைச் சினந்து ஒதுக்குதல் ஆசிரியர்க்கு அழகன்று. மற்றொருபாற் சிலர், தமக்குற்ற கனவு ஒவ்வொன்றையும் இறைவன் ஆணையெனக் கொண்டு, கையிற் பொருளின்றியே கோயிலெடுக்கவும், செய்தொழிலை விடவும், பிறரை ஏவவும் துணிகின்றனர். முன்னவர்க்குக் கனவு முழுதும் ஆசை. பின்னவர்க்குக் கனவு முழுதும் அருள். இரு திறத்தாரும் நடுவுநிலை திறம்பினாராவர். பிராய்டின் கொள்கையுட் கொள்ளத்தக்கது யாது, தள்ளத்தக்கது யாது, அருளாற் போந்த கனவை ஆசையாற் போந்த கனவினின்றும் பிரித்தறிதற்கு அளவுகோல் உண்டோ என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

நாஞ்சினாட்டின் பொருட்டெழுந்த போரும் இருவர் கண்ட கனவும்

ஆராய்ச்சிக்கு எடுத்துக்காட்டு ஒன்று வேண்டும். அடியார் கனவை முதற்கண் எடுப்பின், நம்புவார் நம்பியும் ஐயுறுவார் ஐயுற்றும் அமைவர், ஆராய்ச்சி நிகழாது. ஆதலின் புனைந்துரையாகிய ஒரு நாடகத்துள் வருங் கனவை முதலில் எடுத்துக்கொள்கின்றாம். அது பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891-ஆம் ஆண்டில் வெளியிட்ட மனோன்மணீயம். அவர் 1855-இல் ஆலப்புழையிற் பிறந்து, திருவனந்தபுரத்து அரசர் கல்லூரியிலே தத்துவநூல் கற்பித்து, 1897-இல் மறைந்தவர். கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளைக் குருவாகக் கொண்டவர். அப்பெரியார் நினைவாகவே நாடகத்துட் சுந்தர முனிவர் என்னும் குருவைப் படைத்தார். பிராய்டு பிறந்தது 1856. நம் பேராசிரியர்க்கு ஓராண்டே இளையர். எனினும் கனவைப்பற்றிய அவர்தம் பெருநூல் வெளிவருமுன்னரே நம் பேராசிரியர் இறைவனடி சேர்ந்தார்.

நாடகக் கதையாவது: பாண்டியன் சீவகன், அமைச்சன் குடிலனது சூழ்ச்சிக்கு வயப்பட்டு மதுரையை விடுத்துத் திருநெல்வேலியிற் கோட்டை கட்டி வாழ்கின்றான். அவன் மகள் மனோன்மணி. தோழி வாணி தன் காதலைப்பற்றி உரைப்பக் கேட்டும் காதலின் இயல்பறியாது நின்ற அவள், ஓரிரவிற் கனவில் ஓர் ஆடவனைக் கண்டு, அன்று தொட்டு நோயுற்றாள் போல மெலிகின்றாள். சேரமன்னன் புருடோத்தமனும் தான் எஞ்ஞான்றும் கண்டறியாத நங்கை ஒருத்தியைக் கனவிற் பன்முறை கண்டு வருந்துகின்றான். ஒருவர் கண்டது மற்றவரையே என்பதை இருவரும் அறியார். சுந்தர முனிவர் அவளுக்கேற்ற கணவன் சேரனே என்று குறிக்கின்றார். ஆனால் தூது குடிலன் மகன் பலதேவன் வாயிலாகச் செல்லவே, மணத்தின் பொருட்டுச் சென்ற தூது நாஞ்சினாடு யாருக்குரியது என்னும் வழக்காகிப் போராய் முடிகின்றது. அந்நாஞ்சினாடு இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலே தோவாளை, அகத்தீசுவரம் என்னும் வட்டங்களாய் விளங்குவது. நெடுங்காலம் திருவிதாங்கூரின் பகுதியாய் இருந்து, 1956 நவம்பர் 1-ஆம் நாளிற் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. போரிற் பாண்டியன் தோற்கின்றான். அரசைக் காக்கும் வழி இஃதொன்றே என்று மயங்கிய தந்தை வேண்ட, மனோன்மணி தன் உள்ளக் கிடக்கையை அடக்கிப் பலதேவனை மணத்தற்கு இசைகின்றாள். மணவினை நிகழும் நள்ளிரவில், குடிலன் காட்டிக்கொடுத்த சுருங்கையின் வழியே, அவனையே தளையிட்டு முன்னிறுத்தி வந்து நிற்கின்றான் சேரன். மாலையேந்தி நின்றவள் கனவிற் கண்டவனை நனவிற் கண்டு அவனுக்கே மாலை சூட்டுகின்றாள்.

இக்கதையின் வித்து லிட்டன் பிரபு 1866-இல் வெளியிட்ட ஆங்கிலப் பாட்டு ஒன்றினின்றும் போந்தது. அதற்கு மூலம் அலெக்சாந்தர் காலத்துக் காரெசு என்பார் எழுதிவைக்க, அதினேயு என்னும் கிரேக்க ஆசிரியர் தொகுத்துக் காத்த, ஒடாதிசு என்னும் அரசமகளும் சரியாத்ரெசு என்னும் அரசனும் ஒருவரையொருவர் கனவிற் கண்ட கதை. நம் பாகவதத்துள்ளும் வாணாசுரன் மகள் உழை அநிருத்தனைக் கனவிற் கண்டு காமுற்ற செய்தி உண்டு. எனவே இக்கனவு ஒரு நாட்டார்க்கே உரிய கற்பனையன்று.

அற்றேல், புலவன் புனைந்த மாந்தர் கண்ட கனவை உளநூலால் ஆராய்தல் பொருந்துமோ எனின், பொருந்தும். பிராய்டே அங்ஙனம் செய்து வழிகாட்டியுளர். வில்கெல்ம் சென்சன் என்பார் 1903-இல் எழுதிய 'கிராதிவா' என்னும் புனைகதையுள் வரும் கனவுகளை அவர் 1907-இல் ஒரு தனி நூலால் ஆராய்ந்தார். அக்கதைத் தலைவன் பழங்கால நங்கை ஒருத்தியின் கற்சிற்பத்திற் காதல்கொண்டு, அவளைப் பொம்பெயி நகரின் அழிவிடையே கனவிற் காண்கின்றான். முடிவில் அவள் அவனது இளமைத் தோழியே என்பது புலனாகின்றது. மறந்துபோன இளமை நினைவே வேடம் பூண்டு கனவாயிற்று என்றார் பிராய்டு. அவர் கோலால் அவர் வழியே மனோன்மணீயத்தையும் அளந்து பார்ப்பாம்.

பிராய்டு கூறுவது

பிராய்டின் 'கனவுகளின் விளக்கம்' 1899 நவம்பரில் வெளிவந்தது. நூன்முகப்பில் 1900 என்றே ஆண்டு பொறிக்கப்பெற்றது. அச்சிட்ட 600 படிகள் விலையாவதற்கு எட்டாண்டுகள் சென்றன. அவர் கொள்கையின் சாரம் வருமாறு. கனவிலே தோன்றுவது வேறு. அதன் உள்ளுறை வேறு. நனவிற் பொருந்தாது என்று அடக்கப்பட்ட விருப்பங்கள் அழிவதில்லை. நாம் அறியாத அடிமனத்தே, அஃதாவது நனவிலி மனத்தே, கிடக்கும். உறக்கத்திற் காவல் தளர, அவை மேலெழும். எனினும் காவலன் முழுதும் உறங்கானாகலின், அவை முகத்திரையிட்டே வெளிப்போதும். முன்னாட் பகலிற் கண்டதும் கேட்டதுமாகிய சிறு செய்திகள் அத்திரைக்கு நூலாகும். பல கருத்துக்கள் ஓருருவிற் செறிதலும், ஒன்றன்மேற் சென்ற உணர்ச்சி மற்றொன்றன்மேல் இடம்பெயர்தலும் அத்திரையை நெய்யுந் தொழில்கள்.

கனவு கண்டானே தன் மனத்திற் பட்டதையெல்லாம் ஒளியாது கூற, அத்தொடர்பைப் பற்றிப் பின்னோக்கிச் சென்று உள்ளுறையைக் காண்டல் அவர்தம் முறை. நம் நாட்டுக் கனாநூல் இன்ன பொருளைக் கண்டால் இன்ன பயன் என்றும், இன்ன யாமத்துக் கண்டால் இத்துணைக் காலத்துப் பலிக்கும் என்றும் எல்லார்க்கும் ஒரேபடியாக விதிப்பது. பிராய்டோ, ஒரே பொருள் இருவர் கனவில் வரினும் அவரவர் வாழ்க்கைக்கேற்ப வெவ்வேறு குறிக்கும் என்றார். இவ்வொன்றில் அவர் கூற்றே ஏற்புடைத்து; வினை உயிர்தோறும் வேறாகலின் கனவும் வேறாதல் முறையன்றோ?

இக்கோலால் மனோன்மணியின் கனவை அளந்தால், விடை எளிதிற் போதரும். தோழியின் காதற்பேச்சு முன்னாள் எச்சம். காதலறியேன் என்னும் அவள் மதிப்பே காவலன். இரவில் வந்த ஆடவன் அவள் தனக்கும் மறைத்த விருப்பத்தின் உருவம். மணமாகா மன்னன் கனவும் இத்தன்மையதே. இதனை யாம் மறுக்கவில்லை. கன்னிப்பருவத்து உள்ளத்தில் ஆசை மறைந்து கிடந்தது என்பதற்குச் சைவநூலார் நாணவேண்டுவதில்லை.

ஆனால் ஈண்டு எஞ்சுவதொன்றுண்டு. 'கிராதிவா'த் தலைவன் கனவிற் கண்டது முன்பு கண்டு மறந்தவளை. புருடோத்தமன் மனோன்மணியை முன்பு கண்டிலன். அவளும் அவனைக் கண்டிலள். கண்டறியாத இருவர் ஒருவரையொருவர் கண்டது எங்ஙனம்? தனித்தனி விருப்பம் தனித்தனிக் கனவை ஆக்கலாம். இரு கனவும் ஒன்றையொன்று நோக்கி நிற்றலை ஆக்குமாறில்லை. இத்தகைய ஐயத்தைப் பிராய்டும் அறியாதவரல்லர். 1922-இற் கனவையும் தொலைவுணர்வையும் பற்றி எழுதியபோது முடிவொன்றுங் கூறாது விடுத்தார். அவரிடம் பயின்று பின் வேறுபட்ட யுங்கு என்பார், மனித இனத்துக்கெல்லாம் பொதுவான ஓர் ஆழ்மனம் உண்டென்றும், ஆடவன் உள்ளத்தே பெண்ணுருவொன்று தொன்றுதொட்டு உறைகின்றதென்றும் கூறினார். கிரேக்கர்க்கும் நமக்கும் ஒரே கதை உண்மைக்கு அது காரணங் கூறும்; இன்னாளை இன்னான் கண்டான் என்பதற்குக் காரணங் கூறமாட்டாது.

சித்தாந்தம் கூறுவது

இனிச் சித்தாந்தத்தை நோக்குவாம். உயிர் உடம்பினுள் ஐந்து நிலைகளை எய்தும். நனவில் அது புருவநடுவில் நின்று 35 கருவிகளோடு தொழிற்படும். அவை ஞானேந்திரியம் 5, கன்மேந்திரியம் 5, சத்தாதி 5, வசனாதி 5, வாயு 10, அந்தக்கரணம் 4, புருடன் 1 என்பன. கனவிற் கண்டத்தானத்துக்கு இறங்கும்போது ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் புருவநடுவிலேயே நின்றுவிட, எஞ்சிய 25 கருவிகளோடு கூடும். உறக்கத்தில் இதயத்தானத்தே சித்தம், பிராணன், புருடன் என்னும் மூன்றே உள. பேருறக்கத்தில் உந்தியிற் பிராணனும் புருடனும். உயிர்ப்படங்கலில் மூலாதாரத்தே புருடன் ஒன்றே.

இக்கணக்கை உருப்போட்டு ஒப்பிப்பதோடு பலர் அமைவர். இதன்கண் அடங்கிய நுட்பத்தை நோக்குக. கனவிற் கண்ணும் செவியும் இல்லை. ஆயினும் ஒளியும் ஓசையுமாகிய சத்தாதிகள் உள. வாக்கும் காலும் இல்லை. ஆயினும் பேச்சும் நடையுமாகிய வசனாதிகள் உள. எனவே கனவென்பது பொறியின்றிப் புலன் நிகழும் நிலை. அதனை நிகழ்த்தும் உடம்பு தூலமன்று. ஐந்து தன்மாத்திரையும் மனம், புத்தி, அகங்காரமும் ஆகிய எட்டன் தொகுதியான சூக்கும உடம்பு. நனவில் நுகர்ந்தவற்றின் பதிவாகிய வாசனை அதன்கண் நிற்றலின், பொறி அடங்கியபோதும் அவ்வாசனை மேலெழுந்து நுகர்ச்சியாம். கண்டமும் இதயமும் முதலிய தானங்கள் உடற்கூற்று நூலார் அளந்து காட்டும் இடங்களல்ல. உயிர் கருவிகளினின்றும் நீங்குமுறையை யோகநெறியான் உணர்த்துவன. ஆதலின் 1953-இற் சிக்காகோவில் அசரின்சுகியும் கிளைட்மனும் உறக்கத்துள் விழிகள் விரைந்து அசையும் வேளையொன்றுண்டென்றும், அவ்வேளையில் எழுப்பப்பட்டோர் பெரும்பாலும் கனவுரைத்தனர் என்றும் கண்டதும், அவ்வேளையிற் கைகால்களின் தசைகள் தளர்ந்து செயலற்றிருக்கும் என்று பின்னோர் கண்டதும் கொண்டு, நம் முன்னோர் அவற்றை அறிந்திருந்தனர் எனப் பறைசாற்றுதல் வேண்டா. அது வேறு ஆராய்ச்சி. இது வேறு ஆராய்ச்சி.

மெய்கண்டதேவர் கனவை எடுத்தாண்டது அதன் பயன் கூறுதற்கன்று. அதனைக் காண்பான் ஒருவன் உளன் என்று நிறுவுதற்கேயாம். சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் உயிருண்மை நாட்டப்படுகின்றது. உடம்பே உயிர், பொறியே உயிர் என்பாரை மறுத்தபின், சூக்கும உடம்பே உயிர் என்பாரை மறுக்குமிடத்துக் கனவு சான்றாகின்றது. கனவிற் கண்டதை விழித்தபின் ஒருவன் நினைக்கின்றான், சிலவற்றை மாறி உரைக்கின்றான், சிலவற்றை மறக்கின்றான், மறந்தேன் என்றும் அறிகின்றான். சூக்கும உடம்பே அறிவதாயின் இம்மாற்றமும் மறப்பும் நிகழ்தற்கும், நிகழ்ந்தன என அறிதற்கும் இடமில்லை. ஆகவே கனவுக் கருவியின் வேறாய், கனவிற்கும் நனவிற்கும் பொதுவாய் நிற்கும் அறிவுப்பொருள் ஒன்றுண்டு. நான்காஞ் சூத்திரம் அவ்வுயிர் அந்தக்கரணங்களுள் ஒன்றன்றென்றும், ஆணவத்தால் மறைப்புண்டமையின் கரணங்களின் துணையின்றி அறியாதென்றும் விளக்கும்.

ஈண்டு இன்னொன்றும் குறிக்கற்பாலது. கனவைப்போலவே நனவும் பொய் என நிறுவுதற்கு மாயாவாதிகள் கனவை எடுப்பர். நம்மவர்க்கு அது உடன்பாடன்று. கனவில் நிகழ்ந்த இன்பதுன்பம் இன்பதுன்பமே. நுகர்ந்தான் ஒருவன் உளன். நுகர்விக்கும் வினையும் உளது. கருவி குறைந்தமையின் காட்சி தெளிவு குறைந்ததன்றி, இல்பொருளாயிற்றில்லை. கனவைப் பயனற்ற பொய்யென்று தள்ளாமையிற் பிராய்டும் நாமும் ஒருபுடை ஒத்தாராவேம்.

ஒப்பும் வேற்றுமையும்

ஒப்புமை கண்டவுடன் இரண்டும் ஒன்றே எனத் துணிவார் சிலர், நனவிலி மனம் என்பதே நம் ஆணவமலம் என்பர். அது பொருந்தாது, என்னை? நனவிலி மனத்துக் கிடப்பன பல. அடக்கப்பட்ட விருப்பம், அச்சம், நினைவு எனத் தனித்தனி எண்ணப்படுவன. அவை ஒவ்வொன்றும் வெளிப்பட்டால் மனம் தெளியும் என்பது பிராய்டு கண்ட மருத்துவம். ஆணவமோ ஒன்று, அது மறைந்து கிடக்கும் பொருளன்று, மறைக்கும் இருள். இருட்டறையிலுள்ள பண்டங்களை ஒவ்வொன்றாகத் தடவிக் கணக்கெடுப்பதால் இருள் நீங்குமோ? விளக்கு வேண்டுமன்றே. ஆதலின் நனவிலி மனத்தை வினைவாசனை தங்கிய சூக்கும உடம்போடு ஒருவாறு ஒப்பிடலாமன்றி, ஆணவத்தோடு ஒப்பிடலாகாது.

இவ்வேறுபாட்டிற் பயன் மிகவுண்டு. உளப்பகுப்பால் ஒருவன் தன் சினத்திற்கும் அச்சத்திற்கும் மூலங் கண்டு நலமடைதல் கூடும். நோயாளர்க்கு அது வேண்டுமிடத்துத் தடுத்தல் அறமன்று. ஆனால் கண்டறிந்தேன் என்னும் அதுவே புதிய செருக்காதலும் உண்டு. பண்டங்கள் ஒழுங்குபட்டன, இருள் இருந்தபடியே உளது.

இத்தொடர்பில் நம் நாட்டறிஞர் ஒருவரை நினைத்தல் தகும். கிரீந்திரசேகர போசு (1887–1953) என்னும் வங்காள மருத்துவர் 1922-இற் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்புக் கழகத்தை நிறுவி, பிராய்டோடு பல்லாண்டு கடிதவழி உரையாடினார். ஒவ்வொரு விருப்பத்தோடும் அதற்கு மாறான விருப்பமும் உடன் தோன்றுகின்றது. அடக்குதல் என்பது இவ்விரண்டன் மோதலே. இரண்டும் மாறிமாறி வெளிப்பட்டுச் சமனுற மனம் தெளிவுறும் என்பது அவர் கொள்கை. பிராய்டு அதனை மதித்தாராயினும் முற்ற ஏற்றிலர். இதனைக் காணும் சைவர்க்கு இருவினையொப்பு நினைவுக்கு வரும். நல்வினைப் பயனிற் பற்றும் தீவினைப் பயனில் வெறுப்பும் இன்றி இரண்டையும் ஒப்பநோக்கும் நிலை அது. எனினும் போசு கூறியது மனத்துள் இரு விருப்பங்களின் சமநிலை. நம்மவர் கூறியது விருப்பு வெறுப்புக்கு உரியவனாகிய உயிர், வினைப்பயன் இறைவன் கூட்ட வருவது என உணர்ந்து நிற்கும் நிலை. அடுத்து நிகழ்வது மலபரிபாகமும் சத்திநிபாதமும். மனத்தின் சமநிலை வாயிலாகலாம், வீடாகாது.

இனி, இரு கனவும் ஒன்றையொன்று நோக்கி நின்றது எங்ஙனம் என்னும் வினாவிற்கு விடை காண்போம். வினை சடம், தன்னைச் செய்தானைத் தானே அறிந்து சென்று பொருந்தாது. உயிரோ சிற்றறிவினது, தன் வினையையும் முழுதறியாது, பிறர் வினையை யாண்டறியும்? இருவேறு உயிர்களின் வினைப்பயன் ஒருங்கு நிகழவேண்டின், இரண்டையும் ஒருசேர அறிந்து கூட்டுவான் ஒருவன் வேண்டும். களவியலிற் கண்டறியாத இருவரைக் கூட்டுவது பால் என்று தொல்காப்பியர் கூறியதும் இவ்விடத்துச் சிந்திக்கத்தக்கது. சுந்தரம் பிள்ளையவர்கள் கிரேக்கக் கதையை எடுத்தபோதும், அதனுட் குருவைப் புகுத்தி, சீவகன், குடிலன் எனப் பெயரிட்டு, தத்துவப்பொருள் கொள்ளவும் இடந்தந்து அமைத்தமை இக்கருத்துப் பற்றியே போலும். நாடகம் புனைந்துரையாகலின் இதனால் உலகில் இத்தகைய கனவு நிகழும் என்பது நிறுவப்படாது. நிகழுமாயின், அதற்கு மனம் ஒன்றே காரணமாகாது என்பது மட்டில் நிறுவப்படும்.

அளவுகோல்

இனி, அருட்கனவையும் ஆசைக்கனவையும் பிரிக்கும் அளவுகோல் யாது? அடியார் வரலாற்றினின்றே அதனைப் பெறலாம். சிவகோசரியார் காளத்தியப்பர் திருமுன் ஊன் கிடப்பக் கண்டு நாடோறும் நொந்தார். அவர் விருப்பம் அது செய்தானை விலக்குதல். கனவில் இறைவன் உணர்த்தியதோ, அவ்வேடன் அன்பின் பெருமை. காடவர் கோமான் கச்சியிற் கற்றளி எடுத்துக் குடமுழுக்கிற்கு நாள் குறித்தான். அவன் விருப்பம் அந்நாளில் அது நிகழ்தல். கனவில் இறைவன் உணர்த்தியதோ, அந்நாளில் நின்றவூர்ப் பூசல் எடுத்த கோயிலிற் புகுவேம். நீ பின்னொரு நாட்கொள்க என்பது. இரு கனவும் கண்டார்தம் விருப்பத்திற்கு நேர்மாறானவை. விருப்ப நிறைவே கனவு என்னும் விதி இவ்விரண்டையுந் தழுவாமை வெளிப்படை.

அற்றன்று, மாறான கனவிலும் தன்னைத் தண்டிக்க விழையும் விருப்பம் ஒன்று நிறைவேறுகின்றது என்பர் பிராய்டின் வழியினர். அங்ஙனமாயின், விரும்பியது வரினும் விருப்பம், வெறுத்தது வரினும் விருப்பம் என்றாகி, எதனாலும் மறுக்கப்படாத விதியாய் முடியும். எதனாலும் மறுக்கப்படாதது எதனையும் விளக்காது. காரல் பாப்பர் 1963-இல் வெளியிட்ட நூலில் இக்குற்றத்தை எடுத்துக்காட்டினார். பிராய்டே 1920-இல், போரிற் கண்ட கொடுமையை வீரர் மீண்டும் மீண்டும் கனவிற் கண்டு அலறுதல் தம் விதிக்கு அடங்காமையை ஒப்புக்கொண்டார். அவ்வலறலை நாம் நுகர்ச்சி முடியாத வினையின் வடு என்போம்.

ஆயின் விருப்பத்திற்கு மாறு என்னும் ஒன்றே அளவுகோலாதல் செல்லாது, பேய்க்கனவும் மாறானதே. ஆகலின் இரண்டாவதாக, கனவு யாரை உயர்த்துகின்றது என நோக்குக. சிவகோசரியார் கனவு அவரினும் வேடனை உயர்த்திற்று. மன்னன் கனவு அவன் கற்கோயிலினும் ஏழையொருவன் மனக்கோயிலை உயர்த்திற்று. தன்முனைப்பு ஒடுங்கி அன்பு பெருகுதல் அருளின் அடையாளம். நீயே குரு, உனக்கே பிறர் பணிக, பொருள் தருக என்னும் கனவு எத்துணை ஒளியோடு தோன்றினும் ஆணவத்தின் வேலையே. அதற்குப் பிராய்டின் உரையே போதும்.

மூன்றாவதாக, கனவு நனவில் ஆராய்ந்து கொள்ளப்படல் வேண்டும். சிவகோசரியார் கனவை நம்பி வாளா இருந்திலர். மறைந்து நின்று கண்டார். மன்னன் நின்றவூர்க்கே சென்று, கோயில் யாண்டுளது என வினவி, பூசலாரைக் கண்டு தெளிந்தான். நூலொடும் குருவின் உரையொடும் நனவுக் காட்சியொடும் முரணுங் கனவைக் கைவிடுக. பிறர்க்குத் தீங்கு செய்க என ஏவுங் கனவை ஆராயவே வேண்டா.

இவ்வளவுகோல் நமக்கும் ஒக்கும் என்பதை மறவற்க. மூன்றும் பொருந்திய கனவும் அருட்கனவே எனப் பிறர்க்கு அறுதியிட்டு நிறுவ யாரானும் இயலாது. பொருந்தாதன அருட்கனவல்ல என விலக்குதற்கே இவை உதவும். ஆகவே தாம் கண்ட கனவை அடக்கமாகக் குருவின்பால் விண்ணப்பித்து அமைதலே அடியார்க்கு நெறி. அவையிற் கூறிப் பெருமை தேடுதல் நெறியன்று.

மனோன்மணிபாலும் இவ்வளவுகோலை இட்டுப் பார்க்க. அவள் கனவு முதலில் ஆசையே. அதனை அவள் ஆணையாகக் கொண்டு தந்தையை எதிர்த்திருப்பின், பிராய்டின் சொல்லே முடிந்த முடிபாயிருக்கும். ஆனால் தன் கனவை நெஞ்சிலேயே வைத்து, நாடும் தந்தையும் உய்க என அதனைக் கைவிட்டு, வேண்டாதவனுக்கு மாலை சூட்டவும் எழுந்தாள். அவ்விடத்தேதான் கனவிற் கண்டவன் நனவில் வந்து நின்றான். விருப்பம் நிறைவேறியது, விருப்பம் தனது என்னும் பற்று விட்டவிடத்தில். இதனை விருப்ப நிறைவு என்பதினும், திருவருள் நிறைவு என்றலே சாலும்.

பிராய்டு தம் நூலுள், எத்துணை ஆராயினும் ஒவ்வொரு கனவிலும் எட்டாத இடம் ஒன்று எஞ்சும் என்றும், அது அறியப்படாததனோடு கனவைப் பிணிக்கும் உந்தி போன்றது என்றும் எழுதினார். நம்மவரும் கனவிற்கும் உறக்கத்திற்கும் கீழாகிய பேருறக்கத்துக்கு உந்தியையே இடமாகக் கூறினர். இது பெயரொற்றுமை மாத்திரையே. இதனைப் பற்றி வாதம் கட்டுதல் வேண்டா. எனினும், தம் அறிவு சென்று நின்ற எல்லையை மறையாது உரைத்த அப்பெரியார்க்கு நாம் நன்றியுடையேம். எல்லைக்கு அப்பால் உள்ளதை அவர் அறியப்படாதது என்றனர். அறிவிக்க அறியும் உயிருக்கு, அறிவித்தருளும் பொருள் அது என்பர் மெய்கண்ட சந்தானத்தார்.

ஆகவே மாணாக்கர் இனி வினாவுங்கால் இங்ஙனம் விடை கூறுக. கனவின் நூலும் நிறமும் பெரும்பாலும் ஆசையே. அதனைப் பிராய்டிடம் கற்றலிற் பழுதில்லை. ஆனால் கனவைக் காண்பான் ஆசையல்லன், உயிர். உயிர்க்குக் காட்டுவான் மனமல்லன், சிவன். ஆசையைக் கனவிற் கண்டு நாணியும், அருளை நனவிலே தேடியும் வாழ்வார்க்கு, கனவும் பாசத்தின் அளவை அறிவிக்கும் ஓர் ஆசிரியனாம்.

திருச்சிற்றம்பலம்.